ஒற்றர் வீட்டு ரஷ்யப் பாடம்

வீட்டில் தனக்கென்று ஒரு கட்சி வேண்டும் என்று ஒற்றர் தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை காலை. கண்ணாடி முன்னால் நின்று, வலது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, இடது பக்கம் மட்டும் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

ஒற்றர் என்றால் வேவு பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவர். எந்த வரியில் ஒற்று விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துவிடுவார். ஒரே ஒரு 'க்' விடுபட்டதற்காக ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திய ஆள். அதனால் அச்சகத்தில் முதலாளி முதல் வாயிற்காவலர் வரை எல்லாருக்கும் அவர் ஒற்றர். வெளியே அவர் புலி. வீட்டில் அவர் ஓர் ஓட்டு.

ஒரே ஓர் ஓட்டு. அதுதான் சங்கடம். அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் ஓட்டெடுப்பு. மனைவி, ஆறு வயதுப் பெண், நாலு வயதுப் பையன், ஒற்றர். சுவருக்கு வெளிர்நீலம் அடிக்கலாம் என்றார் ஒற்றர். மஞ்சளுக்கு மூன்று கைகள் எழுந்தன. மின்விசிறியை நாலில் வைக்கலாம் என்றார். இரண்டுக்கு மூன்று கைகள். ஜன்னலோர நாற்காலி யாருக்கு என்ற ஓட்டெடுப்பில் சின்னவன் இரண்டு கையையும் தூக்கினான். அதுவும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

மனைவி கத்துகிறவள் இல்லை. கத்த வேண்டிய அவசியமும் இல்லை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவள். நாளொன்றுக்கு முந்நூறு பேருந்துகளைப் புறப்படச் செய்கிற குரல். அந்தக் குரலில் "என்னங்க, குப்பையை எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால், ஒற்றர் தன்னையறியாமல் குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடுவார்.

இதெல்லாம் போதாதென்று வலது கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு மாதமாக இடித்துக்கொண்டிருந்தது.

"பல் வலியா?" என்பாள் மனைவி.

"யாருக்கு? எனக்கா? சேச்சே."

"கன்னம் வீங்கியிருக்கே."

"அது சதை போட்டிருக்கு."

"ஒரு பக்கம் மட்டுமா?"

ஒற்றர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். வாயைத் திறந்தால் காற்றுப் பட்டு உயிர் போகும். பல் டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். விதி பாருங்கள், பல் டாக்டரம்மா ஒருவர் அதே கட்டடத்தில், அவர் தலைக்கு மேலேயே குடியிருந்தார். முன்னறையில் மருத்துவமனை, பின்னறைகளில் வீடு. ஒற்றர் படுத்தால், மேலே அந்த இயந்திரம் ஙொய் என்று சுற்றுவது கூரை வழியாக இறங்கும். டாக்டரம்மா வாசலில் எதிர்ப்பட்டு "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டால், உதட்டைப் பிரிக்காமல் "ம்" என்று சொல்லி ஓடிவிடுவார். வாயைத் திறந்தால் எட்டிப் பார்த்துவிடுவாரோ என்று பயம்.

இந்த நிலையில்தான் அச்சகத்துக்கு அந்தப் புத்தகம் வந்தது. சின்னக் குழந்தைகளுக்கு ரஷ்ய மொழி அறிமுகம். பக்கத்துக்கு ஓர் எழுத்து, ஒரு படம், ஒரு சொல். கீழே தமிழில் உச்சரிப்பும் பொருளும். தமிழ் வரிகளைத் திருத்துவது ஒற்றர் வேலை.

திருத்திக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பொறி தட்டியது. மனைவிக்குத் தெரியாத ஒரு பாஷை! அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அவள் எதிரில் உட்கார்ந்தபடியே கூட்டணி பேசலாம். அவள் விழிப்பாள். ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கு மூன்றுக்கு ஒன்றாகத் திரும்பும். சுவர் நீலமாகும். மின்விசிறி நாலில் சுற்றும்.

கழித்துப்போட்ட புரூஃப் தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சமையலறையில் இருக்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்தினார்.

"பாருங்க, இது நம்ம மூணு பேருக்கு மட்டும் தெரிஞ்ச பாஷை. ரகசியம். அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது."

"ரகசியம்னா என்னப்பா?" என்றான் சின்னவன்.

"அது தெரியாதா? அம்மாகிட்ட மட்டும் சொல்றதுதான் ரகசியம்" என்றாள் பெரியவள்.

ஒற்றர் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

பாடம் ஜோராக ஆரம்பித்தது. பால் என்றால் மலக்கோ. பூனை என்றால் கோத். ஆமாம் என்றால் தா. அம்மா என்றால் மாமா. அப்பா என்றால் பாப்பா. பிள்ளைகள் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டன. மறுநாளே வாசலில் நின்று சின்னவன் கூவினான்: "பாப்பா வந்தாச்சு! பாப்பா வந்தாச்சு!" எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து, எங்கே குழந்தை என்று எட்டிப் பார்த்தாள். மீசையோடு ஒற்றர் நின்றுகொண்டிருந்தார். "அம்மாவை மாமாங்குது, அப்பாவைப் பாப்பாங்குது. என்ன வீடோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

ஒன்பதாவது எழுத்தில் ஒற்றர் தடுக்கினார். தாளில் பார்த்தால் 3 என்று இருந்தது.

"இது எழுத்து இல்ல. எண். அச்சுக் கோக்கிறவன் தூக்கத்துல போட்டிருக்கான்."

சிவப்பு மை. ஒரே கோடு. பக்கம் முழுக்க அடிபட்டது. படத்தில் என்ன என்று சின்னவன் எட்டிப் பார்ப்பதற்குள் தாளைத் திருப்பிவிட்டார். இருபது வருஷ அனுபவம். அவருக்குத் தெரியாத எழுத்தா?

இரண்டு வாரம் கழிந்தது. ஒருநாள் "பொம்மையெல்லாம் எப்ப எடுத்து வைப்பீங்க?" என்று அதட்டினார். இரண்டும் ஒரே குரலில் "ஸாவ்த்ரா!" என்றன.

சாவா? ஒற்றர் இரண்டடி பின்வாங்கினார்.

"என்ன சொன்னீங்க?"

"ஸாவ்த்ரா. அப்படின்னா நாளைக்கு. இது கூடத் தெரியாதாப்பா?"

"தெரியும், தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு பார்த்தேன். யாரு சொல்லிக் குடுத்தா?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டான். பெரியவள் கூரையைப் பார்த்தாள்.

கூரைக்கு மேலே யார் இருந்தார்கள்? டாக்டரம்மா. டாக்டரம்மா பல் படிப்புப் படித்தது எங்கே? ரஷ்யாவில். முழுசாக ஐந்து வருஷம். ஒற்றரின் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து ஒரு புரூஃப் தாள் ஈரமாக வெளியே வந்திருக்கிறது. மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளைக் காயவைத்து, இஸ்திரி போட்டு, மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் நாலு முதல் ஐந்து வரை, நோயாளிகள் வருவதற்கு முன்னால், அவளும் இரண்டு பிள்ளைகளும் மாடியில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள்தான் இதை ஒற்றருக்குச் சொன்னாள்.

ஒற்றரால் ஆட்சேபிக்க முடியவில்லை. ஆரம்பித்தது யார்? அவர்தான். எனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. குரு யார்? அதுவும் அவர்தான்.

அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள். அவள் குரலில் அந்தப் பாஷை வேறு கணீரென்று இருந்தது. நடுநடுவே அவரைப் பார்த்து ஏதோ கேட்பாள். ஒற்றர் மையமாகச் சிரித்து "தா, தா" என்பார். தா என்றால் தமிழில் கொடு. ரஷ்ய மொழியில் ஆமாம். இரண்டுக்கும் நடுவில் ஒற்றர் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு தா சொல்லி, பாத்திரம் கழுவும் வேலையை ஏற்றுக்கொண்டார். இன்னொரு தா சொல்லி, ஜன்னலோர அலமாரியைப் பெரியவளுக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது தாவுக்கு என்ன கொடுத்தார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளைகள் மட்டும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கின்றன.

பயம் அப்போதுதான் ஆரம்பித்தது. சொந்த வீட்டில், சொந்தச் சோற்றின் முன்னால், தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. மூன்று பேரும் பாப்பா என்று ஒரு தரம் சொன்னால் ஒற்றர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவார். அச்சகத்திலிருந்து ஒரு ரஷ்ய - தமிழ் அகராதியைக் கடன் வாங்கி வந்து, அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

அந்தச் சனிக்கிழமை அச்சகத்தில் மின்சாரம் போய்விட்டது. ஒற்றர் மூன்று மணிக்கே வீடு திரும்பினார். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தால், சமையலறையில் ரஷ்யக் குரல்கள். அவர் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டார். பேருக்கேற்ற வேலையை வாழ்க்கையில் முதல்முறையாகச் செய்தார்.

மனைவி பாத்திரம் தேய்த்தபடி ஒரு வாக்கியம் சொன்னாள். பிள்ளைகள் திருப்பிச் சொல்லின.

"ஸாவ்த்ரா..."

நாளைக்கு.

"பாப்பெ..."

பாப்பா. நான்தான்.

"சூப்..."

ரஷ்ய மொழியிலும் சூப் சூப்தான். அது புத்தகத்தில் கிண்ணத்தோடு படமாகவே இருந்தது.

"உபி..." இந்த இடத்தில் குழாய் சோவென்று திறந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் ஓர் எழுத்து மூழ்கிப் போயிற்று. "...ஆத்."

நாளைக்கு அப்பாவுக்கு சூப் கொடுத்து ஏதோ செய்யப்போகிறார்கள். என்ன செய்யப்போகிறார்கள்?

"அம்மா, அப்பாவுக்கு வலிக்குமா?" என்று தமிழில் கேட்டான் சின்னவன்.

"வலிக்காதுடா. அப்படியே மரத்துப் போயிடும். அவருக்கே தெரியாது."

"கத்துவாரா?"

"வாயில எல்லாம் இருக்கும்போது எப்படிக் கத்துவார்? ஷ்ஷ். சொல்லக் கூடாது."

ஒற்றர் சுவரைப் பிடித்துக்கொண்டே படுக்கையறைக்குப் போனார். அகராதியை எடுத்தார். உ எழுத்து. உப... உபி... இதோ. உபிவாத். பொருள்: கொல்.

அதற்குக் கீழே இருந்தது கொலை. அதற்கும் கீழே கொலைகாரன்.

ஒற்றர் அகராதியைப் பட்டென்று மூடினார். இதற்கு மேல் என்ன படிக்க வேண்டியிருக்கிறது? வாக்கியம் முழுதாகக் கண்ணெதிரே நின்றது. நாளைக்கு. அப்பா. சூப். கொல்.

ஏன்? நான் என்ன செய்தேன்? ஒற்றர் யோசித்தார். யோசிக்க யோசிக்க, ஏன் இத்தனை வருஷம் விட்டுவைத்தாள் என்றுதான் ஆச்சரியமாக இருந்தது. போன வருஷம் அவள் தன் அம்மாவுக்கு எழுதின கடிதத்தில் பதினொரு பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து, அப்படியே தபாலில் சேர்த்தவர் யார்? அவளுடைய பேருந்து நிலைய அறிவிப்பில் இலக்கணப் பிழை இருப்பதாக அவளுடைய மேலதிகாரிக்கே மனுப்போட்டவர் யார்? ஒற்றருக்கு வியர்த்து ஊற்றியது.

"என்னங்க, எப்ப வந்தீங்க?" வாசலில் மனைவி. கையில் ஒரு சின்னப் பழுப்புக் கண்ணாடிக் குப்பி.

"இ... இப்பத்தான். அது என்ன கையில?"

"இதுவா? ஒண்ணுமில்ல. நாளைக்கு வேணும்." குப்பியை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "ஆமா, உங்க ஆஃபீஸ்ல குடுத்த இன்ஷூரன்ஸ் அட்டை எங்க?"

"எ... எதுக்கு?"

"எதுக்கா? எல்லாம் முடிஞ்சப்புறம் தேடிட்டு இருக்க முடியுமா?"

அன்று ராத்திரி ஒற்றர் தூங்கினாரா என்று கேட்காதீர்கள். விடிந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே வீட்டில் எல்லாரும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். அதுதான் அவருக்குக் குலையை நடுக்கியது. பெரியவள் ஜன்னலோர நாற்காலியைத் தானாகவே அவருக்கு விட்டுக்கொடுத்தாள். மின்விசிறி நாலில் சுற்றியது. சின்னவன் தன் துணிக் கரடியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான்.

"நீயே வச்சுக்கப்பா. பயமா இருந்தா கட்டிப்பிடிச்சுக்கோ."

"எனக்கென்னடா பயம்?"

"கொஞ்ச நேரந்தான்பா. அப்புறம் ஒண்ணுமே தெரியாது."

ஒற்றரின் கண்ணில் நீர் முட்டியது. நாலு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற ஈரம் கட்டினவளுக்கு இல்லையே!

அவள் ஒரு பழைய சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டாள். "இதைப் போட்டுக்கங்க. நல்ல சட்டை வேண்டாம். கறை பட்டா போகாது."

"என்ன கறை?"

"பட்டாலும் படும்" என்று உள்ளே போய்விட்டாள்.

உள்ளேயிருந்து ஆவி பறக்க வந்தது சூப். ஒரே ஒரு கிண்ணம்.

"மத்தவங்களுக்கு?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நாங்க ரொட்டி சாப்பிட்டாச்சு. இது உங்களுக்குன்னு தனியா வச்சது. கடிக்கவே வேண்டாம். அப்படியே உள்ள இறங்கிடும்."

"நீ ஒரு வாய் குடியேன்."

"எனக்கெதுக்கு? ஆறறதுக்குள்ள குடிங்க. வயித்துல ஏதாவது இருந்தாத்தான் தாங்கும்."

மூன்று ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. ஒற்றர் கரண்டியை எடுத்தார். உதட்டில் ஒரு சொட்டு பட்டது. நாக்கு நுனியில் லேசாகக் காரம். மிளகா? மிளகு மாதிரி வேறு ஏதாவதா? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. போலீசுக்குப் போனால் சாட்சி கேட்பார்கள். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் இதுதான் என்று அடித்துச் சொல்ல இந்தக் கட்டடத்தில் ரஷ்ய மொழி தெரிந்த மனிதப்பிறவி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

"ஜன்னல் பக்கம் நின்னு குடிக்கிறேன். காத்தா இருக்கும்" என்று கிண்ணத்தோடு எழுந்தார். ஜன்னலைத் தாண்டினார். வாசலைத் தாண்டினார். படிக்கட்டில் கால் வைத்ததும் ஓட்டமெடுத்தார். சொந்தக் காலால் அந்தப் படிகளை அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. சூப் தளும்பிக் கையைச் சுட்டது. பொருட்படுத்தவில்லை. உயிர் முக்கியமா, கை முக்கியமா?

டாக்டரம்மா கதவைத் திறந்தார். வெள்ளை அங்கி போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் இது எதற்கு என்று ஒற்றருக்குத் தோன்றவில்லை.

"டாக்டரம்மா! காப்பாத்துங்க!"

"உள்ள வாங்க சார். என்ன இது, சூப்பா?"

"கிட்டப் போகாதீங்க! அது சாட்சி!"

"உட்காருங்க முதல்ல. மூச்சு வாங்குது பாருங்க."

அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. நீளமானது. மேலே விளக்கு தொங்கியது. மற்ற நாளாயிருந்தால் அதைப் பார்த்ததுமே ஒற்றர் மயங்கி விழுந்திருப்பார். இன்று அதைவிடப் பெரிய பயம் படியில் துரத்திக்கொண்டிருந்தது. தொப்பென்று உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு ரஷ்ய வாக்கியத்துக்கு அர்த்தம் வேணும். யார் சொன்னதுன்னு கேட்காதீங்க. ஸாவ்த்ரா, பாப்பெ, சூப், உபிவாத்."

டாக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது. உதடு ஒரு பக்கம் துடித்தது. இருமுவது போல ஏதோ செய்தார்.

"சார், ரஷ்ய மொழியில ஓர் எழுத்து மாறினா தலையெழுத்தே மாறிடும். அந்த மூணாவது சொல் இருக்கே, அதுல உங்க நாக்கு எங்க நிக்குதுன்னு பார்த்தாத்தான் அர்த்தம் சொல்ல முடியும். சாஞ்சுக்கங்க."

நாற்காலி ஙொய்யென்று பின்னால் சாய்ந்தது.

"கண்ணைக் கூசும். மூடிக்கங்க. வாயை நல்லாத் திறங்க. ஆ..."

பாஷை விஷயம் ஆயிற்றே! ஒற்றர் கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்தார். இரண்டு மாதமாகப் பூட்டிவைத்திருந்த வாய்.

"ம்ம். நாக்கு நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல குடியிருக்கிறவர்தான் சரியில்ல. இதோ, கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்."

ஜில்லென்றது. பிறகு எறும்பு கடித்தது போல ஏதோ சுருக்கென்றது. பிறகு உதடு காணாமல் போயிற்று. அடுத்து கன்னம். அடுத்து தாடை.

"ஐயோ! மரத்துப் போகுதே! டாக்டரம்மா, ஒரு சொட்டுத்தான் நாக்குல பட்டுது! அதுக்கே விஷம் ஏறிடுச்சு! என் பிள்ளைங்க..."

"விஷமா? எந்த விஷம்?"

"சூப்ல! நீங்கதான் சாட்சி! கொல்லப் பார்க்கறா!"

டாக்டரம்மா சிரித்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், அது சூப் இல்ல. ஸ்ஸ்ஸூப். வண்டு பறக்கற மாதிரி தொண்டை அதிரணும். பார்க்கறதுக்கு மூணு மாதிரி ஓர் எழுத்து இருக்குமே, அது. ஸூப்னா பல்."

மூணு மாதிரி ஓர் எழுத்து. ஒற்றருக்குச் சிவப்புக் கோடு ஒன்று கண்ணுக்குள் ஓடியது.

"பாப்பென்னா அப்பாவுக்கு. கடைசிச் சொல் உபிவாத் இல்ல, உபிராத். நடுவுல ர. எடுத்துப் போடறது, ஒழிச்சு வைக்கறது. நாளைக்கு அப்பாவுக்குப் பல் எடுக்கணும். அவ்வளவுதான் வாக்கியம். அகராதியில கொலைகாரனுக்கு அடுத்தாப்புல இருக்குமே, பார்க்கலியா?"

பாதி வாய் ஒற்றரிடம் இல்லை.

"அப்ப அந்தக் குப்பி?" என்றார் மீதி வாயால்.

"கிராம்புத் தைலம். மரப்பு போனப்புறம் வலிச்சா தடவச் சொல்லி நான்தான் குடுத்தேன். இன்னிக்குப் பத்தரைக்கு எப்படியாவது கூட்டிட்டு வர்றேன்னாங்க உங்க வீட்டம்மா. நீங்க பத்துக்கே வந்துட்டீங்க." டாக்டரம்மா இடுக்கியைக் கையில் எடுத்தார். "ஊசி போட்டாச்சு சார். இறங்கிப் போறதுன்னாலும் போகலாம். மரப்பு ரெண்டு மணி நேரத்துல போயிடும். வலி போகாது."

ஒற்றர் தலையை உயர்த்திக் கதவைப் பார்த்தார். வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் இன்ஷூரன்ஸ் அட்டை. மறு கையில் பழைய சட்டை. இரண்டு பக்கமும் பிள்ளைகள். சின்னவன் கரடியை நீட்டினான். ஒற்றர் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார்.

ஐந்து நிமிஷம். கறக் என்று ஒரு சத்தம். தட்டில் டிங் என்று விழுந்தது இரண்டு மாதத்துக் கொடுமை.

"இவ்வளவுதானா?" என்று கேட்க நினைத்தார். வாயில் பஞ்சு.

"வலிச்சுதாப்பா?" என்றாள் பெரியவள். இல்லையென்று தலையாட்டினார். மனைவி அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "நான் கீழ போய்ப் படுக்கையை விரிச்சு வைக்கிறேன். பத்து நிமிஷம் கழிச்சு வாங்க" என்று பேருந்து நிலையக் குரலில் சொல்லிவிட்டு, பிள்ளைகளையும் ஆறிப்போன சூப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் காலடிச் சத்தம் படியில் தேயும்வரை காத்திருந்தார் ஒற்றர். பல் போன நிம்மதி ஒரு பக்கம். மறுபக்கம் புதுப் பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. கட்டின மனைவி விஷம் வைத்தாள் என்று சந்தேகப்பட்டிருக்கிறார். கிண்ணத்தோடு மாடிக்கு ஓடிவந்து, சாட்சி கேட்டிருக்கிறார். இது மட்டும் அவள் காதுக்குப் போனால்? சூப்பே தேவைப்படாது.

டாக்டரம்மாவின் முன்னால் இரண்டு கையையும் கூப்பினார். கீழே காட்டினார். காதைப் பொத்திக் காட்டினார். உதட்டில் விரலை வைத்தார்.

"என்ன சார்? நீங்க பயந்தது அவங்களுக்குத் தெரியக் கூடாது. அதானே? சரி, நான் மூச்சு விட மாட்டேன்."

ஒற்றருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இரண்டு கண்டமும் கழிந்தன. பல்லும் போயிற்று, மானமும் தப்பிற்று. மரத்த முகத்தோடு பாதிச் சிரிப்புச் சிரித்தார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி சொன்னார்:

"ஆனா எனக்கு ஒரு சந்தேகம் சார். பல் பிடுங்கறதுக்கு ரஷ்ய மொழியில உபிராத்னு சொல்ல மாட்டாங்க. அதுக்கு வேற சொல் இருக்கு. உங்க வீட்டம்மாகிட்ட ரெண்டு தரம் திருத்திச் சொன்னேன். 'இருக்கட்டும் டாக்டர், அவர் சட்டைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கற அகராதியில இதுக்கு மேல என்னென்ன இருக்குன்னு பார்த்துட்டுத்தான் இதை எடுத்தேன்'னாங்க."